129 வெள்ளி மைக்கும் ஒரு பிஸ்கட் டின்னும்

இங்கே சிங்கப்பூரில் எதிர் புளோக் தம்பி போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற அதே மைக். 129 வெள்ளி இப்ப 89க்கு வந்திருச்சு. வாங்கலாமா? ஸ்டுடியோ மாதிரி குரல் வருமா?" ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். நான்கு வருட எரிச்சல், ஒரு வரியில் அடங்கவில்லை.

இது கண்டன்சர் வகை மைக், 48 வோல்ட் மின்சாரம் ஊட்டினால்தான் வேலை செய்யும் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். குரல் வருமா என்றால், வரும். போன வருடம் கோயில் விழாவுக்காக மனைவி ஒரு பதிகம் பாடினார், நான் படுக்கையறையில் பதிவு செய்தேன். ஸ்டுடியோவில் எடுத்த இரண்டு பாடல்களுக்கு நடுவில் அதை ஒலிபரப்பினார்கள். ஒலிபெருக்கிப் பொறுப்பில் இருந்தவர் "எதில் எடுத்தீர்கள்" என்று கேட்கவே இல்லை. அதைவிட என்ன நற்சான்று வேண்டும்?

ஒரு குறை உண்டு. விலை குறைந்த மைக்குகளில் பல, நியூமன் என்ற ஜெர்மன் மைக் நிறுவனத்தின் கே67 கேப்சூலை (மைக்கில் ஒலியைப் பிடிக்கும் தலைப்பகுதி) பார்த்துச் செய்தவை. அந்தக் கேப்சூலுக்கு இயல்பாகவே மேல் ஒலி, அதாவது 'ஸ்' போன்ற கூர்மையான ஒலி, தூக்கல். நியூமன் மைக்கில் மின்சுற்று அதைத் தட்டி அடக்கிவிடும், நகலில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு இருக்காது. முதல் பதிவில் மனைவி "சிவ" என்று எடுத்தபோதெல்லாம் இறைவன் கழுத்துப் பாம்பும் சேர்ந்து பாடியது. மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, ஒரு சாண் தள்ளி நிற்க வைத்து, அந்தச் சீற்றம் இருக்கும் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் குறைத்தேன். சரியாகிவிட்டது.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்குள் இருக்கும் சின்னப் பதுங்கறையான பாம் ஷெல்டருக்குள் நின்று பாடினால் எம்ஆர்டி ரயில் சத்தம் கேட்காது என்று நானும் ஆசைப்பட்டேன். கேட்கவில்லைதான். ஆனால் நான்கு பக்கமும் வெறும் கான்கிரீட். சுவருக்குச் சுவர் 1.7 மீட்டர் என்றால் 100 ஹெர்ட்ஸில் அறையே முழங்கும், ஆண் குரலின் அடிநாதமும் ஏறக்குறைய அங்கேதான். நான் பேசிப் பார்த்தது அண்டாவுக்குள் பேசியதுபோல் இருந்தது. புடவை அலமாரியைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி மனைவி பாடியதுதான் கடைசியில் உதவியது.

இதெல்லாம் பெரிதில்லை. என் சண்டை ஈரத்தோடு.

வாங்கி எட்டாவது மாதம் ஆரம்பித்தது. வெளியே மழை. மனைவி ஒரு சுரத்தை இழுத்து நிறுத்துகிறார், அந்த அமைதியில் எண்ணெயில் கடுகு விழுந்ததுபோல் சடசட. மறுபடி பாடச் சொன்னேன். மறுபடி சடசட. கேபிளை மாற்றினேன், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸை மாற்றினேன். ஏழாவது முறை பாடச் சொன்னபோது அவர் சமையலறைக்குப் போய்விட்டார்.

பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். சீனப் பெரியவர் கம்பி வலையைக் கழற்றி, விளக்கில் பார்த்துத் துடைத்து, 45 வெள்ளி வாங்கிக்கொண்டு சொன்னது: "மைக் ஓகே. யுவர் ஹவுஸ் டூ ஹியூமிட் லா."

அவர் சொன்னது சரி. கேப்சூலில் மெல்லிய படலத்துக்கும் பின்தகட்டுக்கும் இடையே மின்னேற்றம் நிற்க வேண்டும். தூசியும் எச்சிலும் படிந்த இடத்தில் ஈரம் சேர்ந்தால் அது கசியும், கசிவதுதான் அந்தச் சடசட. ஆயிரக்கணக்கில் விலையுள்ள கண்டன்சருக்கும் இதே கதி வரலாம், அதனால் மலிவு என்று திட்ட நியாயமில்லை. ஆனாலும் திட்டுகிறேன். பெட்டியில் வலை வைத்தார்கள், தாங்கி வைத்தார்கள், ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர்கூட வைத்தார்கள். காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் விற்கிறோமே என்று ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடத் தோன்றவில்லை.

இப்போது மைக் தீபாவளி பிஸ்கட் டின்னில் குடியிருக்கிறது. கூடவே ஆரஞ்சு நிற ஜெல் மணிகள், ஈரம் குடித்துப் பச்சையானதும் ஓவனில் வாட்டி மறுபடி போடுவேன். பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஏர்கானைப் போட்டு அறையை உலர்த்துவேன். அது போடும் சத்தத்தால் பாடும்போது அணைக்க வேண்டும். அணைத்தால் இருபது நிமிடத்தில் ஈரம் திரும்பிவிடும். அந்த இருபது நிமிடத்துக்குள் பாட்டு முடிய வேண்டும். மனைவி இதற்குப் பெயரே வைத்துவிட்டார்: "நோயாளியைப் பார்க்கும் நேரம்."

தம்பிக்கு எழுதினேன்: வாங்காதே. 1966லிருந்து வரும் ஷூர் எஸ்எம்58 போல ஒரு டைனமிக் மைக் வாங்கு, அது காந்தமும் கம்பிச்சுருளும் வைத்து வேலை செய்வது. மேல் ஒலி கொஞ்சம் மங்கல்தான், ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு அசையாது, 48 வோல்ட்டும் கேட்காது.

உடனே பதில் வந்தது. "அப்ப உங்களோடத எனக்குக் குடுத்திருங்கண்ணே, 50 வெள்ளி தரேன்."

முடியாது என்றேன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து கேட்டுப் பார், மழை இல்லாவிட்டால்.