சாய்வு சைக்கிள்: இருவருக்கு ஒரு வண்டியா, ஆளுக்கொரு வண்டியா?

டர்பனில் சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் ரிக்கம்பென்ட் சைக்கிளைப் பார்ப்பதே அரிது. இருவர் மிதிக்கும் டேன்டம் ரிக்கம்பென்ட் இன்னும் அரிது. நானும் மனைவியும் ஆளுக்கொரு ஒற்றை வண்டியில் ஓட்டிக்கொண்டிருந்து, அப்புறம் டேன்டத்துக்கு மாறினோம். பார்ப்பவர்கள் கேட்பதெல்லாம் "எது வேகம்?" என்றுதான்.

சமதரையில் சந்தேகமில்லாமல் டேன்டம். மிதிக்கிற பலம் இரட்டிப்பாகிறது. பின்னால் இருப்பவர் முன்னவரின் மறைவில் வருவதால் காற்றின் எதிர்ப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அது 1.4 மடங்கு என்று வைத்து, காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் வேகம் சுமார் 12 சதவீதம் கூடும். தனியாக 35 கிலோமீட்டர் என்றால் சேர்ந்து 39. வடகிழக்குக் காற்றை எதிர்த்து உம்லாங்கா பக்கம் போனால் இது நன்றாகத் தெரியும். ஒற்றை வண்டியும் லேசுப்பட்டதல்ல. 1933-ல் பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் பிரான்சிஸ் ஃபோர் அதில்தான் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டரைத் தாண்டினார். மறு ஆண்டே அந்த வகை வண்டியைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

மேட்டில்தான் கதை மாறுகிறது. அங்கே காற்று பெரிதல்ல, எடைதான் பேசும். 80 கிலோ ஆள் 200 வாட்டும் 60 கிலோ ஆள் 120 வாட்டும் மிதிக்கிறார்கள் என்று வைப்போம். 15 கிலோ ஒற்றை வண்டிகளில், ஆளும் வண்டியும் சேர்ந்த எடையில் கிலோவுக்கு அவருக்கு 2.1 வாட், இவருக்கு 1.6. இருவரும் 25 கிலோ டேன்டத்தில் ஏறினால் 1.9. அதாவது பலசாலி தனியாக ஏறுவதைவிட மெதுவாக, மற்றவர் தனியாக ஏறுவதைவிட வேகமாக.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது இந்தக் கணக்குதான். சேர்ந்து போகிற இருவர் ஆளுக்கொரு வண்டியில் போனால், அவர்கள் வேகம் என்பது பின்தங்குபவரின் வேகம். போத்தாஸ் ஹில் ஏற்றத்தில் நான் மேலே போய்க் காத்து நிற்பேன்; அவள் வந்து மூச்சு வாங்குவதற்குள் நான் கிளம்பத் தயாராகிவிடுவேன். அவளுக்கு ஓய்வே கிடைக்காது. டேன்டத்தில் இருவர் பலமும் ஒரே சக்கரத்துக்குப் போகிறது, யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தனியாக அவள் தொடாத வேகத்தை இப்போது இருவரும் சேர்ந்து தொடுகிறோம். பந்தயத்தில் ஓட்டிய அனுபவம் எங்களுக்கு இல்லை. நான் சொல்வது ஊர் சுற்றும் ஓட்டத்துக்கு.

இடைஞ்சல்களும் உண்டு. சிக்னலில் நின்று கிளம்ப இருவரும் ஒன்றாக மிதிக்க வேண்டும், முதலில் தள்ளாடும். செயின் பல மீட்டர் நீளம், துடைத்து எண்ணெய் போடவே நேரம் பிடிக்கும். ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரி நீண்ட இறக்கத்தில் இருவர் எடையையும் பிடித்து நிறுத்தி பிரேக் கொதித்துவிடும். பெரிய டிஸ்க் பிரேக் இல்லாத டேன்டத்தை வாங்கவே வேண்டாம்.

இருவருக்கும் ஓய்வு நேரம் ஒத்துவராவிட்டால் ஒற்றை வண்டிதான் சரி. அவளுக்கு வேலை இருக்கும் வாரங்களில் டேன்டம் கராஜிலேயே நிற்கிறது. அதனால்தான் என் பழைய வண்டியை இன்னும் விற்கவில்லை.