பள்ளிச் சுவருக்குப் பீங்கான் ஓவியம்: எந்த வழி ஏற்றது?

பள்ளியின் வெறுஞ்சுவர் ஒன்றில் மாணவர்களைக் கொண்டு பீங்கான் ஓவியம் அமைக்க மூன்று வழிகள் உண்டு: களிமண் ஓடுகளைக் கையால் செய்து சுடுவது, கடையில் வாங்கிய டைல்ஸ் மீது வரைவது, உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பதித்து மொசைக் அமைப்பது. மூன்றையும் வகுப்பில் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் தேர்வு களிமண்தான்; ஆனால் மூன்றிலும் அதிக உழைப்பையும் பொறுமையையும் கேட்பதும் அதுவே.

டைல்ஸ் மீது வரைவது இரண்டு நாளில் முடிந்துவிடும். எனினும் அதன் மேற்பரப்பு கண்ணாடி போன்றது. எனாமல் பெயின்ட் அதற்குள் ஊறுவதில்லை என்பதால், வெயிலும் மழையும் படும் வெளிச்சுவரில் அது விரைவிலேயே உரியத் தொடங்கும். நிலைக்க வேண்டுமானால் அதற்கென்றே உள்ள வண்ணங்களைப் பூசி 800 டிகிரி அளவில் மறுபடியும் சுட வேண்டும். சூளைக்குத்தான் போக வேண்டும் என்றால் இந்த வழியின் எளிமை அங்கேயே போய்விடுகிறது.

மொசைக்குக்குச் சூளை தேவையில்லை. டைல்ஸ் கடைகளில் உடைசல் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். தூண், திண்ணை, வளைந்த சுவர் எதிலும் அது படியும். சண்டிகரில் நேக் சந்த் உருவாக்கிய பாறைத் தோட்டமும் பார்சிலோனாவின் கூயெல் பூங்காவில் உள்ள வளைந்த இருக்கையும் உடைசலால் என்ன முடியும் என்பதற்குச் சான்றுகள். ஆனால் துண்டுகளின் விளிம்பு கத்தியைப் போல வெட்டும்; சாக்குக்குள் வைத்து உடைப்பதைப் பெரியவர்களே செய்ய வேண்டும். ஈர சிமெண்ட் தோலை அரிக்கும் என்பதால் கையுறையும் கட்டாயம். மாணவருக்கு மிஞ்சுவது நிறம் தேர்வதும் ஒட்டுவதும்தான். அதுவும் நல்ல பயிற்சியே என்றாலும், பொருளைப் படைத்த நிறைவு அதில் கிடைப்பதில்லை.

களிமண்ணில் முதல் பாடம் கணக்கு. காய்ந்து சுடப்படும்போது மண் ஏறத்தாழ 10 சதவீதம் சுருங்கும் என்று கொண்டால், 15 செ.மீ. ஓடு வேண்டுமானால் 16.7 செ.மீ. அளவில் வெட்ட வேண்டும். 3 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள சுவருக்கு 200 ஓடுகள். 40 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஐந்து. ஒரு செ.மீ. கனத்தில் தட்டினால் மண் மட்டும் 110 கிலோ அளவுக்கு வரும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வேப்பிலையை ஈர ஓட்டின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி, காம்பைப் பிடித்து மெல்ல உரித்தபோது, நரம்புகளோடு அவளுடைய கட்டைவிரல் ரேகையும் அதில் பதிந்திருந்தது. மற்ற இரு வழிகளிலும் இது நடக்காது.

இதில் தவறு நேர்வது பெரும்பாலும் உலர்த்தலில்தான். ஓரம் முந்திக் காய்ந்தால் ஓடு வளையும். ஆகவே பலகையில் செய்தித்தாள் விரித்து, நிழலில், அடிக்கடி திருப்பிப் போட்டு இரண்டு வாரம் காய வைக்க வேண்டும். ஒருமுறை மழைக்காலத்தில் நாங்கள் அவசரப்பட்டுச் சூளையேற்றியபோது, உள்ளே தங்கிய ஈரம் 100 டிகிரியில் ஆவியாகி ஒரு வரிசை ஓடுகளை வெடிக்கச் செய்தது. உடைந்தவற்றை எடுத்துப் பார்த்த பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

மின்சூளை இல்லையே என்று தயங்கும் பள்ளிகள் பக்கத்து ஊரில் மண்பாண்டம் செய்யும் வேளாரின் சூளையை அணுகலாம். பளபளக்கும் மெருகுக்கு அந்தச் சூடு போதாது; ஆனால் மெருகு கட்டாயமும் அல்ல. உறைபனி இல்லாத நம் ஊரில் அய்யனார் கோயில் குதிரைகள் மெருகில்லாத சுடுமண்ணாகவே ஆண்டுக்கணக்கில் மழையில் நிற்கின்றன. உருவங்களைச் சுடுமண்ணிலும் பின்னணியை மொசைக்கிலும் அமைத்தால் வேலையும் குறையும், நிறமும் கிடைக்கும். ஓட்டின் வரிசை எண்ணை மட்டும் பின்புறத்தில் ஆணியால் கீறிவிட வேண்டும்; பென்சிலால் எழுதினால் சூளையில் எரிந்து மறைந்துவிடும்.