நியூ 3டிஎஸ் எக்ஸ்எல்: திரைக்குள் ஆழம் தேடுபவர்களுக்கு

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கன்சோல் விற்கும் கடையில் நின்டெண்டோவின் கையடக்க கேம் கருவியான நியூ 3டிஎஸ் எக்ஸ்எல் வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. கண்ணாடி மாட்டாமலே திரைக்குள் ஆழம் தெரியும் என்பதற்காக வாங்கியது. இன்றும் அதற்காகத்தான் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.

மேல்திரையின் அகலத்தில் 800 பிக்சல். ஒரு மெல்லிய தடுப்புப் படலம் அதைக் கண்ணுக்கு 400 எனப் பிரித்து, இரு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டுகிறது. ஓரத்தில் இருக்கும் ஸ்லைடரை இறக்கினால் எல்லாம் தட்டையாகிவிடும். இந்த ஸ்லைடர்தான் எனக்கு கேம் டிசைன் சொல்லிக்கொடுத்தது.

தட்டையான திரையில் 3டி கேம் ஆடும்போது, தாவினால் எங்கே விழுவோம் என்பது பெரிய சிக்கல். 1996இல் வந்த சூப்பர் மாரியோ 64ஐக் கவனியுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தாலும் மாரியோவின் நிழல் நேர் கீழேதான் விழும். அந்த நிழலைப் பார்த்துத்தான் காலை வைக்கிறோம். சூப்பர் மாரியோ 3டி லேண்டில் (2011) ஸ்லைடரை ஏற்றியதும் என் கண் நிழலை விட்டுவிட்டு நேராக மேடைக்கே போய்விடுகிறது. வெவ்வேறு தூரத்தில் மிதக்கும் கட்டைகள் ஒரே வரிசையில் இருப்பதுபோல ஏமாற்றும் அறைகளும் அதில் உண்டு. ஸ்லைடரை ஏற்றினால் எது முன்னால், எது பின்னால் என்பது உடனே புரியும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ் (2013). மேலிருந்து பார்க்கும் கேம். நேர் மேலிருந்து பார்த்தால் தலை மட்டும்தானே தெரியும்? அதனால் பாத்திரங்களைப் பின்பக்கம் சாய்த்தே உருவாக்கியிருக்கிறார்கள்! அப்புறம், கேமின் நாயகன் லிங்க் சுவரில் ஓவியமாக ஒட்டிக்கொண்டு நகர்வான். ஒரு பரிமாணம் குறைந்ததும் முட்டுச்சந்து வழியாகிவிடும். அற்புதமான யோசனை.

முதல் 3டிஎஸ்ஸில் தலை கொஞ்சம் அசைந்தாலே படம் இரண்டாகத் தெரியும். இதில் முன்கேமரா முகத்தைப் பின்தொடர்வதால் பீச்–தாம்பரம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் நன்றாக ஆடலாம். ஷேர் ஆட்டோவில் முடியாது. ஆழத்தைக் கூட்டினால் பேட்டரி சீக்கிரம் தீரும். 6 வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகளுக்கு 3டி வேண்டாம் என்று நின்டெண்டோவே சொல்கிறது.

2023 மார்ச்சோடு இதன் ஆன்லைன் கடையில் விற்பனை நின்றுவிட்டது; இனி கேம் அடங்கிய சின்ன அட்டையான கார்ட்ரிட்ஜ்தான். அமெரிக்க கார்ட்ரிட்ஜ் ஜப்பானியக் கருவியில் ஓடாது. அதனால் எந்த நாட்டு மாடல் என்று முதலில் கேளுங்கள். பெயரில் 2டிஎஸ் என்று இருந்தால் 3டி கிடையாது. ஸ்லைடரை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.