குவாடா, இன்லைனா? மதுரைத் தரைக்கு எது தோது?

முழாண்டு லீவு விட்டதும் ஸ்கேட்டிங் கிளாஸில் சேர்க்கச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்துவிடும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரம் வைத்த குவாட் வாங்குவதா, நாலும் ஒரே வரிசையில் ஓடும் இன்லைன் வாங்குவதா என்று பெற்றோர் குழம்புவதும் அப்போதுதான். கடையில் கேட்டால் விலை கூடினதைத்தான் எடுத்து வைப்பார்கள். பிள்ளை எந்தத் தரையில் ஓட்டப்போகிறது என்பதை வைத்து முடிவெடுப்பதுதான் சரி.

இன்லைன் நேற்று வந்த சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். 1819இல் பாரிஸில் பெட்டிபிளெட் என்பவர் ஸ்கேட்டுக்கு வாங்கிய காப்புரிமையே ஒரே வரிசைச் சக்கரத்துக்குத்தான். நேராக ஓடும், திருப்பத்தான் முடியாது. 1863இல் நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்டன், சக்கர அச்சுக்கு மேல் ரப்பர் வைத்து, உடம்பைச் சாய்த்தாலே வண்டி திரும்பும்படி செய்தார். அதுதான் குவாட். இன்றைக்கும் அந்த ரப்பரை இறுக்கினால் நிதானம், தளர்த்தினால் சட்டென்று வளையும்.

ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு என் ஓட்டு குவாடுக்கே. சும்மா நின்றாலே நிற்கும். இன்லைனில் கணுக்கால் உள்பக்கம் மடிந்துகொண்டே இருக்கும். அதை நிமிர்த்திப் பழகவே நாளாகும். ஆனால் குவாட் சக்கரம் சின்னது, 60 மில்லிமீட்டர் சொச்சம். கே.கே. நகர், அண்ணா நகர் உள்தெருக்களில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி ஒப்புக்கு மூடிய இடத்தில் ஒரு சரளைக்கல் சிக்கினால் போதும், ஆள் குப்புறத்தான். இன்லைன் சக்கரம் 76, 80 என்று பெரிசு. சின்னக் கல்லை ஏறிக் கடந்துவிடும். ஆக, தெருவில்தான் ஓட்டம் என்றால் இன்லைன். மொட்டை மாடியோ, கிளாஸில் போட்ட சிமெண்ட் தளமோ என்றால் குவாட். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட தெரு இரண்டுக்குமே ஆகாது. ஈரத்தில் யுரேத்தேன் என்கிற பிளாஸ்டிக்கில் செய்த சக்கரம் பிடிமானமே இல்லாமல் வழுக்கும்.

பிரேக் விஷயம் வேறு. குவாடில் பெருவிரலுக்குக் கீழே ரப்பர்க் கட்டை, இன்லைனில் குதிகாலுக்குப் பின்னால். பந்தய இன்லைனில் அதுவும் கிடையாது. ஒரு காலைக் குறுக்கே வைத்து உரசித்தான் நிறுத்த வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளாத பிள்ளையை ரிங் ரோட்டுப் பக்கம் விடவே கூடாது.

வேகம்தான் ஆசை என்றால் பேச்சே இல்லை, இன்லைன்தான். 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கிய நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் ஓட்டுவது அதைத்தான். அதற்காகக் குவாடை மட்டமாக நினைக்க வேண்டாம்: 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் அனூப் குமார் யாமா ஆர்ட்டிஸ்டிக் (இசைக்கு ஆடிக் காட்டும்) பிரிவில் குவாடில் இரண்டு வெண்கலம் எடுத்தார். நம் நாட்டுப் பந்தயங்களிலும் குவாடுக்குத் தனிப் பிரிவு உண்டு.

பராமரிப்பில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் ஜோடிக்குப் பதினாறு பேரிங். மழையில் நனைந்தால் துரு. இன்லைன் சக்கரம் உள்விளிம்பில்தான் முதலில் தேயும். முன்னாலிருந்து எண்ணி ஒன்றாம் சக்கரத்தையும் மூன்றாவதையும், இரண்டாவதையும் நாலாவதையும் இடம் மாற்றி, பக்கத்தையும் திருப்பிப் போட்டால் ஆயுள் கூடும்.

இதற்கு நடுவில் ஷூவுக்கு மேலேயே கட்டும் அட்ஜஸ்டபிள் ஸ்கேட்டும் இருக்கிறது. விலை குறைவு, கால் வளர வளர நீட்டிக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஆர்வம் நிற்குமா என்று பார்க்க அது போதும். ஷூவோடு வருகிற ஜோடி வாங்கும்போது மட்டும், "ஒரு சைஸ் பெருசா எடுங்கண்ணே, அடுத்த வருசத்துக்கும் ஆகும்" என்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். குதிகால் உள்ளே தூக்கிக்கொண்டு ஆடினால், குவாடோ இன்லைனோ, எதிலும் நிலைத்து நிற்க முடியாது.