மலையடிவாரத் தியான முகாம்: தூக்கம் வந்தது, மறுபடியும் போகமாட்டேன்

மூன்று இரவு, நான்கு பகல். உணவும் தங்குமிடமும் சேர்த்து ஆளுக்கு 6,500 ரூபாய். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை. அங்கே ஒரு பெண் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறாள். நான் எழுதியதற்கு அவள் பதில் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.

நான் தபால் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவள். கணவர் போன பிறகு இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். "மாத்திரையைவிட இது மேல், அண்ணி" என்று நாத்தனார்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

அறைக்கு இருவர். கழிப்பறை சுத்தம். வெந்நீர் காலை நான்கு முதல் ஆறு வரை மட்டும். காலையில் கம்பங்கூழ், பகலில் கைக்குத்தல் அரிசிச் சோறும் பூசணிக்காய்க் கூட்டும் மோரும், மாலையில் சுக்குக் காபியும் அவித்த வேர்க்கடலையும். வெங்காயம், பூண்டு கிடையாது. ஊறுகாய் கொண்டுபோனால் என் நாத்தனாரைப் போலக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

பயிற்சி உண்மையிலேயே நன்றாக இருந்தது. மூச்சைக் கவனிப்பதுதான், வேறு வித்தை எதுவும் இல்லை. குருவுக்கு அளந்து பேசத் தெரிந்திருக்கிறது. என் முழங்கால் மடங்காததைத் தூரத்திலிருந்தே கண்டுகொண்டு, ஒரு கம்பளியை மடித்து அடியில் வைக்கச் சொன்னார். இரண்டாம் நாள் இரவு பத்து மணிக்குப் படுத்தவள் நாலரைக்கு மணியடித்தபோதுதான் எழுந்தேன். இரண்டு ஆண்டுகளில் அப்படி ஓர் இரவு வாய்த்ததில்லை. இதை மறைத்தால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

மூன்றாம் நாள் மாலை சுக்குக் காபி கால் மணி நேரம் தாமதம். கொண்டுவந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். சமையலறையில் சேவை செய்பவள். குரு ஒரு வாய் குடித்தார், ஆறிப்போயிருந்தது போலும். எழுந்து நின்று அவள் கன்னத்தில் அறைந்தார். எண்பது பேர் உட்கார்ந்திருந்தோம். அவள் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, சிந்தியதைத் தன் மேல்துண்டால் துடைத்தாள். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் மௌன விரதம். அது அந்த நேரத்தில் எல்லோருக்கும் வசதியாக இருந்தது, எனக்கும்தான்.

விரதம் முடிந்ததும் அலுவலகத்துக்குப் போனேன். "ஐயா, அந்தப் பெண் அப்படி என்ன தவறு செய்தாள்?" என்றேன்.

"அம்மா, உங்கள் கண்ணுக்கு அது அடியாகத் தெரிகிறது. அவளுக்கு அது அருள். பல பிறவி வினை ஒரு நொடியில் கழிந்துவிட்டது" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

முதல் நாள் கார் பழுதாகி அரைமணி நேரம் தாமதமாக வந்த நன்கொடையாளர் ஒருவரைக் குருவே வாசல்வரை போய் அழைத்து வந்தார். அவருடைய வினையை ஏன் கழிக்கவில்லை என்று கேட்டேன். பதில் இல்லை. கற்கண்டு கொடுத்தார்.

இந்த விளக்கம் புதிதும் அல்ல. திபெத்திய லாமா சோக்யால் ரின்போச்சே, உலகமெங்கும் கிளைகள் கொண்ட ரிக்பா அமைப்பை நடத்தியவர். பல ஆண்டுகள் அவருடனிருந்த எட்டுச் சீடர்கள் 2017 ஜூலையில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்: அடிக்கிறீர்கள், பெண்களைப் பாலியல் வகையில் பயன்படுத்திக்கொள்கிறீர்கள், நன்கொடைப் பணத்தில் சொகுசாக வாழ்கிறீர்கள் என்று. அதுவரை அந்த அடிகளுக்கும் சீடனைப் பக்குவப்படுத்தும் வழி என்றுதான் பெயர். அடுத்த மாதமே அவர் பொறுப்பிலிருந்து விலகினார். 2018-இல் அமைப்பே அமர்த்திய சட்ட நிறுவனம் விசாரித்து, குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவற்றை உறுதிசெய்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நான் திருச்சிக்காரி. இலங்கை மாத்தளையிலிருந்து வந்து புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா 1994-இல் கைதானபோது எங்கள் அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை. 13 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கும் ஒரு கொலைக்கும் 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சிவராத்திரியில் அவர் வாயிலிருந்து லிங்கம் எப்படி வருகிறது என்று எங்கள் அலுவலகத்தில் காபி ஆறும்வரை வாதாடியிருக்கிறார்கள். உள்ளே வளரும் பெண்பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அதற்கு முன் ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த முகாமின் குருவை அவர்களோடு ஒன்றாக நிறுத்தவில்லை. நான் பார்த்தது கன்னத்தில் விழுந்த ஓர் அறை மட்டுமே. ஆனால் அந்த அறைக்குக் கிடைத்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், அதற்கு மேல் எது நடந்தாலும் அதே விளக்கம் போதும்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் நாத்தனாரோடு வாக்குவாதம். "டாக்டர் கோபக்காரர் என்றால் மருந்து வேலை செய்யாதா அண்ணி? உங்களுக்குத் தூக்கம் வந்ததா இல்லையா?" என்றாள். வந்தது. டாக்டர் நர்ஸை அறைந்துவிட்டு, அதுவும் சிகிச்சைதான் என்று சொல்லமாட்டார் என்றேன். அதுவும் தவிர, இவர் விற்பது மாத்திரை அல்ல. முதல் நாள் ஒன்றரை மணி நேரம் அகிம்சையைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சுக்கும் சேர்த்துத்தான் 6,500 வாங்கினார்.

"குருவைச் சோதிக்க நாம் யார்?" என்றாள். தபால் ஆபீஸுக்கு ஆய்வாளர் முன்னறிவிப்பில்லாமல் வந்து நிற்பார். பெட்டியைத் திறந்து கையிருப்பை எண்ணுவார். என்மேல் சந்தேகமா என்று நான் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. பௌத்தர்களின் பாலி மொழி நூலான மஜ்ஜிம நிகாயத்தில் புத்தர், தம்மையே கண்ணாலும் காதாலும் ஆராய்ந்து பார்த்துக்கொள்ளும்படி பிக்குகளிடம் சொல்கிறார். அவருக்கே அது குறைவாகப் படவில்லை. சோதிக்க வேண்டியவர்களும் எங்களைப் போலப் பலன் அடைந்தவர்கள்தான். வெளியாள் கேட்டால் பொறாமை என்பார்கள். அறை வாங்கியவள் கேட்டால் பக்குவமில்லை என்பார்கள்.

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் இன்றும் நாலரைக்கு எழுந்து, கம்பளியை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு அவர் சொல்லிக்கொடுத்தபடியே உட்காருகிறேன். இது இரட்டை வேடமா என்று எனக்கே சில நாள் தோன்றுகிறது. மூச்சு அவருடையது அல்ல என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். முழுச் சமாதானம் ஆகவில்லை.

கிளம்பும்போது கொடுத்த கருத்துப் படிவத்தில் உணவு, தங்குமிடம், தூய்மை, பயிற்சி என்று நான்கு வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து தாமரை. உணவுக்கு நான்கு, தங்குமிடத்துக்கு நான்கு, தூய்மைக்கு ஐந்து, பயிற்சிக்கு ஐந்து போட்டேன். அந்தப் பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததைப் பற்றிப் பின்பக்கத்தில் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டேன். "இங்கே புகார் பதிவேடு கிடையாது அம்மா" என்று அந்தப் பையன் சிரித்தான். எந்தச் சின்ன அஞ்சலகத்திலும் ஒன்று தொங்கும்.

நாத்தனார் அடுத்த முகாமுக்குப் பணம் கட்டிவிட்டாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. சுக்குக் காபி கொடுக்கும் அந்தப் பெண் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வா, முடிந்தால் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு வா என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.