மாய வயலினா, போரிடும் சிம்பொனியா?

2006இல் வந்த ‘லா கோர்டா டி ஓரோ’ என்ற அனிமேயில் (ஜப்பானிய அனிமேஷன் தொடரில்), வயலின் வாசிக்கத் தெரியாத கஹோகோ ஹினோவிடம் லிலி என்ற தேவதை மாய வயலினைக் கொடுத்துப் பள்ளி இசைப்போட்டியில் இழுத்துவிடுகிறது. கைதட்டல் கிடைக்கிறது, ஆனால் அது அவளுக்கு இனிக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் சக போட்டியாளன் சுகிமோரியோ சிறுவயது முதல் சாதகம் செய்தவன். அந்தக் குற்ற உணர்வுதான் கதையின் உயிர்.

2021இன் ‘தக்த் ஓபஸ் டெஸ்டினி’யில் இசையைக் கேட்டால் அரக்கர்கள் பாய்ந்து வருகிறார்கள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் ஆற்றலைத் தாங்கிய பெண் அவர்களோடு மோதுகிறாள். சண்டைகள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் 12 அத்தியாயங்களில் பியானோக் கலைஞன் தக்த்தின் மனத்துக்குள் நுழைய நேரமில்லை.

கஹோகோவின் கதை மெல்ல நகர்கிறது, காதல் பார்வைகளும் சற்று அதிகம்தான். இருந்தாலும் என் ஓட்டு அவளுக்கே.