ரெட் டாட்டா, நேர்க்குழாயா, வளைகுழாயா? சிங்கப்பூர் வானத்துக்கு ஏற்ற ஃபைண்டர்

டெலஸ்கோப் வாங்கும்போது எல்லாருடைய கண்ணும் பெரிய கண்ணாடியின் மேல்தான் இருக்கும். கூடவே வரும் ஃபைண்டரை, அதாவது இலக்கைத் தேடிப்பிடிக்கக் குழாயின் மேல் மாட்டும் சின்னக் கருவியை, யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் 1200 மி.மீ. குவியத்தூரமுள்ள 8 அங்குல டாப்சோனியனில் (எளிய தாங்கியில் நிற்கும் கண்ணாடி டெலஸ்கோப்) 25 மி.மீ. ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையைப் போட்டால் 48 மடங்கு பெரிதாகத் தெரியும். பார்வைக்குள் வரும் வானமோ ஒரு பாகையைச் சற்றே தாண்டும், ஏறக்குறைய இரண்டு முழு நிலா அகலம். அந்தச் சின்ன வட்டத்துக்குள் சனியைக் கொண்டுவந்து நிறுத்துவது ஃபைண்டரின் வேலை. ஃபைண்டர் சரியில்லை என்றால் நல்ல கருவியும் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும்.

இருண்ட, குளிர்ந்த நாடுகளில் எழுதப்படும் ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, நகர வெளிச்சம். நல்ல இரவிலும் வெறும் கண்ணுக்குப் பிரகாச எண் (எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல்) 3 வரையிலான நட்சத்திரங்கள் தெரிந்தாலே அதிகம். இன்னொன்று, நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறோம். கோள்கள் உச்சத்துக்கு வரும்போது அடிவானத்திலிருந்து 65 பாகைக்குக் கீழே வருவது அரிது. ஓரியன் நெபுலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே போகும். எந்த ஃபைண்டர் என்ற கேள்விக்கு இந்த இரண்டும்தான் பாதி விடை.

ரெட் டாட்

பெருக்கம் கிடையாது. சாய்ந்த கண்ணாடித் துண்டில் ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் புள்ளியை நிலாவின் மேல் வைத்தால் வேலை முடிந்தது. எடை மிகக் குறைவு, சிஆர்2032 பட்டன் பேட்டரி போதும். நிலா, வியாழன், சனி, வெள்ளி, திருவாதிரை, கேட்டை என்று கண்ணுக்குத் தெரிகிற எதற்கும் இதைவிட வேகமான வழி இல்லை. தானாகத் தேடும் ‘கோ-டு’ (GoTo) வகை டெலஸ்கோப் வைத்திருப்பவருக்கு, முதல் இரண்டு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொடுக்க இது ஒன்றே போதும்.

கண்ணுக்குத் தெரியாததைத் தேடும்போதுதான் சிக்கல். அக்கம்பக்கத்து நட்சத்திரங்களை அடையாளம் வைத்துத் தாவித்தாவிப் போக வேண்டும். அந்த நட்சத்திரங்களே நம் வானத்தில் தெரிவதில்லை. புள்ளியின் பிரகாசத்தை மிகக் குறைந்த அளவுக்கு வைக்காவிட்டால் இருக்கிற மங்கல் நட்சத்திரத்தையும் அது மறைத்துவிடும்.

டெல்ராட் இதே குடும்பம். புள்ளிக்குப் பதில் அரை, 2, 4 பாகை விட்டமுள்ள மூன்று வட்டங்கள். கேட்டைக்கு மேற்கே 1.3 பாகையில் இருக்கும் எம்4 நட்சத்திரக் கொத்தைப் பிடிக்க, கேட்டை நட்சத்திரத்தை நடு வட்டத்துக்கும் வெளி வட்டத்துக்கும் இடையில், கிழக்குப் பக்கமாக நிறுத்தினால் சரியாக வரும். மலேசியாவில் இருண்ட வானமுள்ள மெர்சிங் பக்கம் போகிறவர்களுக்கு அருமையான சாமான். ஆங் மோ கியோ போன்ற நகரப் பகுதியில் அதன் பாதி மதிப்பு வீண்.

நேர்க்குழாய் ஃபைண்டர்

6x30, 9x50 என்று எழுதியிருப்பதில் முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மி.மீ. கணக்கில். 50 மி.மீ. வில்லை வெறும் கண்ணைவிடப் பிரகாச எண்ணில் நான்கு படிக்கும் சற்று அதிகமாக மங்கல் நட்சத்திரங்களைக் காட்டும். 3-இல் நின்ற வானம் 7 வரை திறக்கிறது என்றால் சும்மாவா! 30 மி.மீ. அதைவிட ஒரு படி குறைவு. நகரத்துக்குள் அந்த ஒரு படியை விட்டுக்கொடுக்க வேண்டாம். குறுக்குக்கம்பி இருட்டில் தெரியாது என்று பிற ஊர்களில் புலம்புவார்கள். நம் வானம் சாம்பல் நிறமாக இருப்பதால் கம்பி கறுப்பாகத் தெளிவாகத் தெரியும். வெளிச்சத்தால் கிடைக்கும் ஒரே லாபம் இதுதான்.

படம் தலைகீழாகத் தெரியும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். நியூட்டோனியன் (டாப்சோனியன் போன்ற கண்ணாடி டெலஸ்கோப்) வைத்திருப்பவருக்கு அது குறையே அல்ல. ஐபீஸிலும் அதே தலைகீழ்தான், இரண்டிலும் நகர்த்தும் திசை ஒத்துப்போகும். உண்மையான குறை கழுத்துவலி. குழாய் உச்சியை நோக்கி நிற்கும்போது ஃபைண்டருக்குக் கீழே குனிந்து மேலே பார்க்க வேண்டும். ஓரியனைத் தேடி அரைமணி நேரம் அப்படி நின்றால் மறுநாள் தெரியும்.

வளைகுழாய் ஃபைண்டர்

உள்ளே அமிச்சி முப்பட்டகம் இருப்பதால் பார்வை 90 பாகை திரும்பும், படமும் நேராக வரும். கைப்பேசிச் செயலியில் தெரியும் வரைபடமும் ஃபைண்டரில் தெரிவதும் ஒன்றாக இருக்கும். தென்சிலுவையின் மிமோசா நட்சத்திரத்தைக் கொண்டுவந்தால் ஒரு பாகை தள்ளி ஜூவல் பாக்ஸ் நட்சத்திரக் கொத்து அதே பார்வைக்குள் நிற்கும். உச்சியிலுள்ள எதையும் சாதாரணமாகக் குனிந்தே பார்க்கலாம்.

ஆனால் குழாய் எங்கே நோக்குகிறது என்பது இதில் புரியாது. பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு மேலே உள்ளதைத் தேடுவது புதியவரைத் திணறடிக்கும். ஆகவே 50 மி.மீ. வளைகுழாயோடு இரண்டாவது ஷூ (ஃபைண்டரைச் செருகும் தாங்கி) ஒன்றைப் பொருத்தி, மலிவான ரெட் டாட் ஒன்றையும் மாட்டுவதே எங்கள் தேர்வு. புள்ளியால் பகுதியைப் பிடித்து, வளைகுழாயால் இடத்தைப் பிடிப்பது. பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்திலோ கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலோ பார்ப்பவர்கள் இதற்குச் செலவழிக்கலாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்திலிருந்து மட்டுமே பார்ப்பவருக்கு இது வீண்செலவு. மேல்மாடிக் கூரை உச்சி வானத்தை மறைத்துவிடும். தெரிவதெல்லாம் தாழ்வான வானம், அதில் பிரகாசமான சிலவே. ரெட் டாட் போதும். பச்சை லேசரைக் கட்டிக்கொண்டு திசை காட்டும் பழக்கத்தை இங்கே நினைக்கவே வேண்டாம். தலைக்கு மேல் எப்போதும் விமானம் இருக்கும் ஊர் இது.

பொருத்துவது

ஃபைண்டர் ஷூவின் திருகு இடைவெளி எல்லாக் குழாயிலும் ஒன்றல்ல, வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள். புதிதாகத் துளையிடுவதானால் முதன்மைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துளையிடுங்கள், உலோகத்தூள் அதன் மேல் விழுந்தால் பூச்சு கீறும். துளையிட மனமில்லாதவர்கள் டெல்ராட் அடித்தட்டை இருபக்க நுரைநாடாவால் ஒட்டலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி ஒட்டி, ஒரு நாள் முழுக்க எதையும் மாட்டாமல் விடுங்கள். அவசரப்பட்டால் நம் வெயிலில் நாடா வழுகும்.

9x50 வகையில் முன்பக்கம் ரப்பர் வளையம், பின்பக்கம் இரண்டு திருகும் ஒரு வில்முனையும் (சுருள்வில்லால் தள்ளும் முனை) தாங்கும். வில்முனை பாதி அமுங்கிய நிலையில் தொடங்க வேண்டும். கடைசிவரை நீண்டோ முழுக்க அமுங்கியோ இருந்தால் திருக இடமிருக்காது. அப்படியானால் ஷூவின் ஒரு முனைக்கடியில் பானக்கேன் தகட்டிலிருந்து வெட்டிய துண்டைக் கொடுங்கள். ரப்பர் வளையம் தளர்ந்துபோனால் இலக்கு தினமும் விலகும். வளையத்தை மாற்றாமல் திருகை இறுக்கிப் பயனில்லை.

சீரமைப்பதைப் பகலிலோ அந்தியிலோ செய்யுங்கள். ஃபைண்டர் குழாயின் மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால், 20 மீட்டரில் உள்ள எதிர் புளோக்கை வைத்துச் சீரமைக்கும்போது வானத்தில் கிட்டத்தட்ட அரைப் பாகை பிசகும், ஒரு முழு நிலா அளவு. 500 மீட்டருக்கு அப்பால் உள்ள இடிதாங்கி முனையோ பாரந்தூக்கியோ என்றால் பிசகு ஒரு பாகைத்துளிதான் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), பொருட்படுத்த வேண்டியதில்லை. முதலில் குறைந்த பெருக்க ஐபீஸில் அதை நடுவில் நிறுத்தி, பிறகு ஃபைண்டரைத் திருகுங்கள். சூரியனுக்கு அருகே குழாயைத் திருப்பாதீர்கள். வடிகட்டி போட்டுச் சூரியனைப் பார்க்கும் நாளில் ஃபைண்டரைக் கழற்றியே வைத்துவிடுங்கள்.

படம் மங்கலாக இருந்தால், முன்வில்லைக்குப் பின்னால் உள்ள பூட்டு வளையத்தைத் தளர்த்தி, வில்லைக்கூட்டை நட்சத்திரம் புள்ளியாகும்வரை சுழற்றி, மறுபடி இறுக்குங்கள். பலருக்கு அது திருகக்கூடியது என்றே தெரியாது.

கனமான வளைகுழாய் முன்பாரம் கூட்டும்; டாப்சோனியன் மெல்ல மூக்கைத் தாழ்த்தும். குழாய் இரும்பானால் அடிப்பக்கத்தில் காந்தம் ஒட்டிச் சமன்செய்யலாம், அலுமினியத்தில் ஒட்டாது.

ஏசி அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் ஃபைண்டர் வில்லை நொடியில் வியர்க்கும். பெட்டியோடு அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள். நள்ளிரவுக்குப் பின் பனி படிவது தனிக்கதை, முன்னால் ஒரு கறுப்பு நுரைக்குழாய் செருகினால் ஓரளவு தாங்கும். டெல்ராடின் சாய்ந்த கண்ணாடிதான் முதலில் மூடிக்கொள்ளும். பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி, ஃபைண்டரைக் கேமரா உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். முப்பட்டகத்துக்குள் பூஞ்சை நுழைந்தால் துடைக்க வழியில்லை.